நாயின் கல்லீரல் கட்டியில் புரதங்களை ஆராய்வது: புதிதாக வருபவர்களுக்கான வழிகாட்டி

அறுவை அரங்கின் கதவு திறக்கிறது. எஃகுத் தட்டில் ஒரு கல்லீரல் மடல் வருகிறது. இடப்பக்க வெளிமடல், அதில் பாதிக்கு மேல் கட்டி. மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, ஓரிடம் மஞ்சள் பாய்ந்து, ஓரிடம் கருஞ்சிவப்பாக இருக்கிறது. கையுறைக்குள்ளும் அதன் வெதுவெதுப்பு தெரிகிறது. அதன் முன் நிற்கும் உங்களிடம் இருப்பது ஏறத்தாழக் கால்மணி நேரம். அடுத்து வரும் பல மாத ஆய்வக உழைப்பு உண்மையைச் சொல்லுமா, வெறும் எண்களைக் கொட்டுமா என்பது பெரும்பாலும் இந்தக் கால்மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது.

புரத ஆய்வுக்குப் புதிதாக வரும் கால்நடை மருத்துவ மாணவர்களையும், உயிர்வேதியியல் படித்துவிட்டு முதன்முறையாக விலங்குத் திசுவைக் கையில் எடுப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கருவிகளை இயக்கக் கற்றுத்தர ஆட்கள் கிடைப்பார்கள். திசுவை எப்படி மதிப்பது என்று சொல்லித்தருபவர்கள் குறைவு. அதனால் நான் திசுவின் பக்கமே அதிக நேரம் நிற்பேன்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

நாய்களுக்கு வரும் கட்டிகளில் கல்லீரலிலேயே தோன்றுபவை நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. மண்ணீரல், கணையம், குடல் போன்ற இடங்களில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவி வந்தவை அவற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே கல்லீரலில் கட்டி இருக்கிறது என்பதாலேயே அது கல்லீரல் கட்டி ஆகிவிடாது.

கல்லீரலில் தோன்றுபவற்றை நான்கு குடும்பங்களாகப் பிரிக்கலாம். கல்லீரல் செல்லிலிருந்து வருபவை முதல் குடும்பம்; இவைதான் ஏறத்தாழப் பாதி. பித்தநாளச் செல்லிலிருந்து வருபவை இரண்டாவது. ஹார்மோன் சுரக்கும் நியூரோஎண்டோகிரைன் செல்லிலிருந்து வரும் கார்சினாய்டு மூன்றாவது. இரத்தநாளம், தசை போன்றவற்றிலிருந்து வருபவை நான்காவது. கடைசி இரண்டும் முதல் இரண்டைவிட அரியவை. முதல் குடும்பத்திலும் மிக அரிய ஒன்று உண்டு: முதிராத கல்லீரல் செல்களால் ஆன ஹெப்பட்டோபிளாஸ்டோமா. அதை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத நோயியல் நிபுணர்கள் இருக்கிறார்கள்.

வடிவத்தையும் கவனியுங்கள். ஒரே மடலில் ஒரு பெருங்கட்டி, பல மடல்களில் முடிச்சு முடிச்சாக, கல்லீரல் முழுதும் பரவியது என மூன்று வடிவங்கள் உண்டு. வடிவத்துக்கும் நாயின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஒரே பெருங்கட்டியாக வந்த கல்லீரல் செல் புற்றுநோய் பற்றி 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை செய்யப்பட்ட 42 நாய்களின் இடைநிலை வாழ்நாள் (பாதி நாய்கள் தாண்டிய காலம்) 1,460 நாள்களைத் தாண்டியது. அறுவை செய்யப்படாத 6 நாய்களுக்கு அது 270 நாள்கள். வயதான ஒரு நாய்க்கு நான்கு ஆண்டு என்பது ஏறத்தாழ அதன் இயல்பான மீதி வாழ்க்கை. அதே பெயர் கொண்ட புற்றுநோய் பரவிய வடிவில் வந்தால் கத்தியால் செய்வதற்கு எதுவும் இல்லை.

ஒரே பெயருள்ள நோய் ஏன் ஒரு நாயிடம் சாதுவாகவும் இன்னொன்றிடம் மூர்க்கமாகவும் நடந்துகொள்கிறது? புரத ஆய்வு இந்தத் துறைக்குள் வந்ததே இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். 2010இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு வழியைக் காட்டியது. நாய்களின் கல்லீரல் செல் கட்டிகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு, கெரட்டின் 19 என்ற புரதத்தைக் காட்டின. முதிர்ந்த கல்லீரல் செல்லில் அந்தப் புரதம் இருக்காது. பித்தநாளச் செல்லிலும் முன்னோடிச் செல்லிலும்தான் இருக்கும். அதைக் காட்டிய கட்டிகள் முதிர்ச்சி குன்றியவையாகவும் பரவும் இயல்புடையவையாகவும் இருந்தன. மனிதரிடமும் இதே போக்குதான்.

உங்கள் கேள்வியும் இவ்வளவு தெளிவாக ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். “எல்லாப் புரதங்களையும் பார்த்துவிடலாம், ஏதாவது வரும்” என்று தொடங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏதாவது நிச்சயம் வரும். அது எதற்கான விடை என்றுதான் யாருக்கும் தெரியாது.

அறுவைக்கு முந்தைய நாள்

திசு, சிகிச்சைக்காக எப்படியும் நீக்கப்படும் கட்டியிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஆய்வுக்காக ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாக வெட்டக் கூடாது. நாயை வளர்ப்பவரின் எழுத்துமூல ஒப்புதலும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்பே கையில் இருக்கட்டும். ஒப்புதல் கேட்கும்போது அந்த மனிதர் கலங்கிப்போய் நிற்பார். படிவத்தை நீட்டுவதற்கு முன் நாயின் பெயரைக் கேளுங்கள்.

பிறகு விவரக்குறிப்பு. இனம், வயது, பால், கருத்தடை ஆனதா, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு மிக முக்கியமாக, என்னென்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பதையும் எழுதுங்கள். ஸ்டீராய்டு வாங்கிய நாயின் கல்லீரல் செல்கள் கிளைக்கோஜன் நிரம்பி உப்பிப்போகும். வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டால் சாப்பிட்ட நாயின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் நொதிகள் பெருகியிருக்கும். இதை எழுதிவைக்காவிட்டால், மாத்திரை செய்த மாற்றத்தைக் கட்டி செய்ததாக நீங்கள் அறிவிக்க நேரும்.

திருகுமூடிக் குப்பிகளுக்கு முந்தைய நாளே அடையாளச்சீட்டு ஒட்டிவிடுங்கள். ஈரக் குப்பியில் சீட்டு ஒட்டாது. திசுவோடு கரைசல்களுக்குள் போகும் துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும். திரவ நைட்ரஜன் குடுவை, குளிர்ந்த உப்புக் கரைசல், 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலின், புதிய பிளேடுகள், அலுமினியத் தாள், அளவுகோல், ஒரு கடிகாரம் ஆகியவை மேசையில் இருக்க வேண்டும். ஃபார்மலின் ஆவி புற்றுநோய் விளைவிக்கக் கூடியது. ஆவி உறிஞ்சி இல்லாமல் திறக்காதீர்கள். நைட்ரஜனைக் காற்றோட்டமில்லாத அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தட்டில் திசு வந்ததும்

இரத்தநாளம் கட்டப்பட்ட நேரத்தை அறுவை அரங்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திசு உறைந்த நேரத்தையும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நிமிடங்கள்தான் உங்கள் தரவின் முதல் எண். பாஸ்பேட் ஏறிய புரதங்கள் நிமிடங்களிலேயே மாறத் தொடங்கிவிடும். கல்லீரல் நொதிகள் நிறைந்த உறுப்பு. இரத்த ஓட்டம் நின்றதும் தன்னைத்தானே கரைக்கத் தொடங்கிவிடும்.

முழு மடலையும் அளவுகோலோடு படம் எடுங்கள். குளிர்ந்த உப்புக் கரைசலில் ஒருமுறை அலசி இரத்தத்தை நீக்குங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் எல்லாப் பட்டியல்களிலும் ஹீமோகுளோபினும் அல்புமினும் முதலிடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். செல்கள் நீரை இழுத்து வெடிக்கும்.

இப்போது நீள வாக்கில் வெட்டி உள்ளே பாருங்கள். பெரிய கட்டிகளின் நடுப்பகுதி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும்: வெளிறி, கூழாக, சில சமயம் இரத்தக் குழம்பாக. அங்கிருந்து எடுத்தால் நீங்கள் படிப்பது சாவின் புரதங்களைத்தான். ஓரத்திலிருந்து சற்று உள்வாங்கிய, உறுதியான, பளபளக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பட்டாணி அளவுக்குத் துண்டெடுத்து அதைச் சரிபாதியாக வெட்டுங்கள். ஒரு பாதி ஃபார்மலினுக்கு, எதிர்முகப் பாதி நைட்ரஜனுக்கு. அருகருகே இருந்த இந்த இரண்டு முகங்கள்தான் நாளை உங்களைக் காப்பாற்றும். உறைந்த துண்டில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால், அதன் ஜோடியை நுண்ணோக்கியில் காட்டலாம். இப்படிக் கட்டியின் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்கள். கட்டிக்கு எட்ட இருக்கும், நோயில்லாததாகத் தெரியும் கல்லீரலிலிருந்தும் அதே முறையில் இரண்டு ஜோடிகள் எடுங்கள். கட்டியை ஒட்டிய விளிம்பு நசுங்கியும் அழன்றும் இருக்கும். அதை இயல்பான கல்லீரல் என்று நம்ப வேண்டாம்.

உறையவைக்கும் துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் நைட்ரஜனில் அமிழ்த்துங்கள். பின்பு மைனஸ் 80 உறைபெட்டிக்கு மாற்றுங்கள். சின்னத் துண்டுகளாகவே வையுங்கள். பெரிய துண்டை உருக்கி, வெட்டி, மறுபடி உறையவைத்தால் புரதங்கள் சிதையும்.

ஃபார்மலினில் போகும் துண்டு 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது. திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். 24 முதல் 48 மணி நேரம் போதும். கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த மூன்று எண்களுக்காக நான் ஒரு விலை கொடுத்திருக்கிறேன். என் முதல் ஆண்டில், கார்சினாய்டு என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு கட்டி முழுசாக, வெட்டப்படாமல், வாய் குறுகிய ஒரு ஜாடியில் வந்து சேர்ந்தது. ஜாடியின் மீதி இடத்தில் இரண்டு விரற்கடை ஃபார்மலின். மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்தபோது விளிம்பு சாம்பல் நிறத்தில் கெட்டியாகியிருந்தது. உள்ளே செங்கல் நிறக் குழைவு, அழுகிய வாடை. ஃபார்மலின் நடுவரைக்கும் போகவே இல்லை. அந்தக் கட்டி என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வகையில் அடுத்த ஒரு நாய்க்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தேன்.

புதுத் திசு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். நோயியல் கூடங்களின் அலமாரிகளில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாரஃபின் பிளாக்குகள் இருக்கின்றன. அரிய கட்டிகளைப் பொறுத்தவரை அந்த அலமாரிதான் பெரும் செல்வம். ஃபார்மலின் போட்ட பிணைப்புகளைச் சூட்டால் பெருமளவு அவிழ்க்கலாம். புரதத் துண்டுகளை எடைபோட்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைக்குக்கூட அதிலிருந்து புரதம் எடுக்க முடியும்.

கட்டிக்குப் பெயர் வைத்த பிறகே புரதம்

ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்ட ஸ்லைடை ஒரு நோயியல் நிபுணர் பார்த்து முடிக்கும்வரை உறைந்த துண்டைத் தொடாதீர்கள். வயதான நாய்களின் கல்லீரலில் முடிச்சுப் பெருக்கம் மிகச் சாதாரணம். அது புற்றுநோய் அல்ல. அதையும், தீங்கற்ற அடினோமாவையும், நன்கு முதிர்ந்த புற்றுநோயையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே கடினம். உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவ சங்கத்தின் கல்லீரல் குழு 2006இல் வெளியிட்ட தர வரையறைகள் நாய், பூனை இரண்டுக்கும் பொதுவான சொற்களைத் தருகின்றன. அந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தால் அரிய நோயில் யாருடைய தரவும் யாருடைய தரவோடும் சேராது.

அடுத்தது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது ஒரு புரதத்தை, அது திசுவில் இருக்கும் இடத்திலேயே, அதை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியால் அடையாளம் காண்பது. எந்தப் புரதத்தை ஏன் தேடுகிறோம் என்பதைப் புரிந்துகொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரல் செல்லின் வேலை. அந்த வேலைக்கான நொதிகளைச் சுமக்கும் செல் பெரும்பாலும் கல்லீரல் செல்லாகத்தான் இருக்கும். ஹெப்பார்-1 என்ற ஆன்டிபாடி பிடிப்பது அப்படி ஒரு நொதியை: கார்பமாயில் பாஸ்பேட் சிந்தட்டேஸ்-1. ஆர்ஜினேஸ்-1 இன்னொரு நொதி. ஹெப்பார்-1 எதைப் பிடிக்கிறது என்றே தெரியாமல் பல ஆண்டுகள் நிபுணர்கள் அதை நம்பிப் பயன்படுத்தினார்கள். விடை பின்னால்தான் வந்தது. ஹெப்பார்-1 பிடிக்கும் நொதி மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதால் செல்லுக்குள் மணல் தூவியதுபோல் தெரியும். அந்த மணல்தன்மை இல்லாமல் மழுங்கலாக நிறம் ஏறினால் சந்தேகப்படுங்கள்.

பித்தநாளக் கட்டிக்குக் கெரட்டின் 7, 19. கார்சினாய்டுக்குக் குரோமோகிரானின் ஏ, சினாப்டோஃபிசின். இரத்தநாளக் கட்டிக்கு சி.டி.31. செல் பெருக்கத்தின் வேகத்துக்குக் கி-67. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள்; இரண்டு மூன்று சேர்ந்து ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

செய்முறை சுருக்கமாக: 3 அல்லது 4 மைக்ரோமீட்டர் தடிமனில் புதிதாக வெட்டிய சீவல், மெழுகு நீக்கம், பி.எச். 6 சிட்ரேட் அல்லது பி.எச். 9 டிரிஸ்-இ.டி.டி.ஏ. கரைசலில் கொதிநிலைக்கு அருகே 20 நிமிடம், 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு, முதல் ஆன்டிபாடி, அதைக் காட்டும் இரண்டாம் படி, பழுப்பு நிறம் தரும் டி.ஏ.பி. சாயம், கடைசியாக ஹெமடாக்சிலின். எந்த பி.எச். என்பது ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி மாறும். முதல் முறை இரண்டிலும் செய்து பாருங்கள்.

கல்லீரல் உங்களை ஏமாற்றும் இடம்

முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கிறீர்கள். கண் நிறையப் பழுப்பு. நீங்கள் தேடிய புரதம் கட்டி முழுதும் இருக்கிறது என்று மனம் துள்ளும். பக்கத்தில், முதல் ஆன்டிபாடியே போடாத ஒப்பீட்டு ஸ்லைடை வையுங்கள். அதுவும் பழுப்பு.

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. கல்லீரல் செல்களில் இயற்கையாகவே பயோட்டின் என்ற வைட்டமின் மிகுதி. அவிடின்-பயோட்டின் முறையில் இரண்டாம் படியைச் செய்தால் சாயம் புரதத்தை விட்டுவிட்டு அந்தப் பயோட்டினோடு ஒட்டிக்கொள்ளும். தீர்வு எளிது: பயோட்டின் இல்லாத பாலிமர் முறையை வாங்குங்கள். இரண்டாவது, கல்லீரலில் பெராக்சிடேஸ் செயலும் அதிகம். பெராக்சைடுப் படியைக் குறைத்தால் அது தன்னாலேயே சாயத்தைப் படியவைக்கும். மூன்றாவதுதான் மிகவும் நயவஞ்சகமானது. வயதான நாயின் கல்லீரலில் லிப்போஃபஸ்சின், இரும்பு, பித்தம் ஆகிய நிறமிகள் சாயமே இல்லாமல் பழுப்பாக இருக்கும். லிப்போஃபஸ்சின் பித்த நுண்குழலை ஒட்டிச் சிறு மணிகளாகத் திரண்டிருக்கும். இரும்பு, செல் விழுங்கிகளான குஃப்பர் செல்களில் கட்டி கட்டியாகக் கிடக்கும். ஒரு மணியைக் குறிவைத்து நுண்ணோக்கியின் திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: நிறமி பொன்னிறம் கலந்து மினுங்கும்; டி.ஏ.பி. மந்தமான சாக்லேட் நிறத்தில் நிற்கும். வேறுபாடு பழகும்வரை சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துங்கள். பழுப்புக்கும் சிவப்புக்கும் குழப்பம் வராது.

அதே ஸ்லைடில் ஒரு நல்ல நண்பரும் இருக்கிறார்: கட்டிக்கு வெளியே மிஞ்சியிருக்கும் சிறு பித்தநாளங்கள். கெரட்டின் 7, 19 இரண்டும் அவற்றில் கட்டாயம் தெரிய வேண்டும். அவை வெளிறி இருந்தால் அன்றைய சோதனை தோல்வி. கட்டி எதைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் அந்த முடிவைக் குப்பையில் போடுங்கள்.

ஆன்டிபாடி நாயை அறியுமா

விற்பனைக்கு இருக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை மனிதப் புரதத்தை வைத்து உருவாக்கப்பட்டவை. நாயில் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் எந்த முறையில், எந்தத் திசுவில் என்று கேளுங்கள். ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் துண்டின் அமினோ அமில வரிசையை நாயின் வரிசையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு நாயின் இயல்பான கல்லீரல் சாற்றில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாக ஜெல்லில் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் முறை) செய்து, சரியான எடையில் ஒரு பட்டை வருகிறதா என்று பாருங்கள். ஆர்ஜினேஸ்-1 என்றால் 35 கிலோடால்டனுக்கு அருகே, கார்பமாயில் பாஸ்பேட் சிந்தட்டேஸ்-1 என்றால் 160ஐத் தாண்டி. ஐந்து பட்டைகள் வந்தால் அந்த ஆன்டிபாடியை மறந்துவிடுங்கள், விலை எவ்வளவு கொடுத்திருந்தாலும்.

புரதத்தைப் பிரித்தெடுத்தல்

உறைந்த துண்டை நைட்ரஜன் ஊற்றிய கல்வத்தில் மாவாக அரைத்து, நொதித் தடுப்பான் சேர்த்த பஃபரில் கரைத்து, 4 டிகிரியில் சுழற்றி, மேல்நீரை எடுக்க வேண்டும். எல்லாக் கையேடுகளும் இதைத்தான் சொல்கின்றன. கல்லீரல் கட்டியில் இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கெரட்டின்கள் செல்லின் எலும்புக்கூடு போன்றவை. மென்மையான பஃபரில் கரையாமல் பெரும்பகுதி அடிவண்டலில் தங்கிவிடும். மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டலை வீசிவிட்டு, “இந்தக் கட்டியில் கெரட்டின் 19 இல்லை” என்று எழுதினால், நீங்கள் வீசியதைத்தான் இல்லை என்று சொல்கிறீர்கள். எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருள் அல்லது 8 மோலார் யூரியா உள்ள பஃபரில் வண்டலையும் கரைத்துப் பாருங்கள். யூரியா சேர்த்த மாதிரியைச் சூடாக்கக் கூடாது. அது புரதத்தோடு வினைபுரிந்து எடையை மாற்றிவிடும்.

புரத அளவை பி.சி.ஏ. முறையில் அளந்து, வெஸ்டர்ன் பிளாட் ஜெல்லின் எல்லா வரிசைகளிலும் ஒரே அளவு ஏற்றுங்கள். சமமாக ஏற்றியதற்குச் சான்றாகப் பலரும் ஜி.ஏ.பி.டி.எச். புரதத்தைக் காட்டுவார்கள். அது சர்க்கரையைச் சிதைக்கும் பாதையின் நொதி. கட்டிகள் அந்தப் பாதையையே மாற்றியமைப்பவை. மாறுவதை அளவுகோலாக வைக்காதீர்கள். சவ்வில் உள்ள மொத்தப் புரதத்தையும் பான்சோ சாயத்தில் காட்டுவது நேர்மையான வழி.

நிறை நிறமாலைக்கு அனுப்பும்போது

பெரும்பாலானவர்கள் மாதிரியை ஒரு மையத்துக்கு அனுப்பித்தான் செய்வார்கள். அனுப்புவதற்கு முன் அவர்களோடு பேசுங்கள். எந்த சோப்புப் பொருள் பஃபரில் இருக்கிறது என்று சொல்லுங்கள். எஸ்.டி.எஸ். நீக்கப்படாமல் கருவிக்குள் போனால் எல்லாச் சமிக்ஞையும் மூழ்கிவிடும். டிரிப்சின், புரதத்தை லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும்; கருவி அந்தத் துண்டுகளை எடைபோடும்; மென்பொருள் அவற்றை ஒரு தரவுத்தளத்தோடு பொருத்தும். அந்தத் தரவுத்தளம் நாயினுடையதாக இருக்க வேண்டும். மனிதத் தரவுத்தளத்தில் தேடினால் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய துண்டுகூடத் தவறிப்போகும். 2005இல் வெளியான நாய் மரபணுத்தொகுதி டாஷா என்ற பாக்ஸர் நாயினுடையது. அதன் வழியே வந்த புரத வரிசைகளில் பெரும்பகுதி கணினியால் ஊகிக்கப்பட்டவை. “பெயரிடப்படாத புரதம்” என்று பட்டியலில் வந்தால் தள்ளிவிடாதீர்கள், மனித வரிசையோடு ஒப்பிட்டு யாரென்று கண்டுபிடியுங்கள். தவறான கண்டுபிடிப்பு விகிதத்தை, அதாவது ஏற்றுக்கொண்ட பொருத்தங்களில் தவறானவற்றின் பங்கை, 1 விழுக்காட்டில் நிறுத்துவது வழக்கம்.

இந்த நோய்க்கே உரிய இன்னொரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நம் தோலிலிருந்தும் முடியிலிருந்தும் உதிரும் கெரட்டின்தான் இந்தக் கருவிகளின் நிரந்தர மாசு. அதனால் மென்பொருள்கள் மனிதக் கெரட்டின்களை மாசுப் பட்டியலில் வைத்துத் தாமாகவே நீக்கிவிடும். மற்ற ஆய்வுகளில் அது வசதி. நமக்கோ கெரட்டின்தான் விடை. கெரட்டின் 1, 2, 9, 10 தோலிலிருந்து வருபவை, அவற்றை நீக்கலாம். 7, 8, 18, 19 கல்லீரலுக்கும் பித்தநாளத்துக்கும் உரியவை. நீக்கப்பட்டவற்றின் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். நாய்க்கு மட்டுமே உரிய துண்டு கிடைத்தால் அது உங்கள் கையிலிருந்து வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்லலாம்.

மாதிரிகளை ஓட்டும் வரிசையையும் கலையுங்கள். கட்டியெல்லாம் திங்கள்கிழமை, இயல்பான கல்லீரலெல்லாம் செவ்வாய்க்கிழமை என்று ஓட்டினால், நீங்கள் கண்டது கிழமை வேறுபாடாகவும் இருக்கலாம்.

எத்தனை நாய்கள்

ஒரு நாயின் கட்டியிலிருந்து மூன்று துண்டெடுத்து மூன்று முறை ஓட்டினால் ஒன்பது எண்கள் கிடைக்கும், நாய் ஒன்றுதான். இதை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். 3,000 புரதங்களை ஒப்பிட்டு 5 விழுக்காடு எல்லை வைத்தால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாதபோதும் 150 புரதங்கள் வேறுபட்டதாகத் தோன்றும். பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தம் இதற்காகவே இருக்கிறது.

அரிய கட்டியில் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். அதைச் சமாளிக்கும் சிறந்த வழி, ஒவ்வொரு நாயின் கட்டியையும் அதே நாயின் கல்லீரலோடு ஜோடியாக ஒப்பிடுவது. இனம், வயது, மருந்து ஆகிய வேறுபாடுகள் பெருமளவு அடங்கிவிடும். ஆறு நாய்கள் இருந்தால் ஆறு என்று எழுதுங்கள். மற்ற மருத்துவமனைகளோடு சேர்ந்து செய்ய முடிந்தால், முதல் மாதிரி எடுப்பதற்கு முன்பே நேரம், தடிமன், பஃபர் எல்லாவற்றிலும் ஒரே முறையை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒரு புரதம் கட்டியில் கூடியிருப்பதாகத் தெரிந்தால் உடனே கட்டுரைத் தலைப்பை யோசிக்காதீர்கள். ஸ்லைடுக்குத் திரும்புங்கள். அந்தப் புரதம் கட்டிச் செல்லில் இருக்கிறதா, கட்டிக்குள் புகுந்த இரத்தநாளத்தில் இருக்கிறதா, அழற்சிச் செல்லில் இருக்கிறதா? அரைத்த மாவு இதைச் சொல்லாது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரிதான் சொல்லும். எந்த நாயின் ஸ்லைடு என்பதை மறைத்துவிட்டு, இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். பிறகு மூலத் தரவை ப்ரைடு போன்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஆறு நாய்களும் வேறொருவரின் ஐந்து நாய்களும் அங்கேதான் சந்திக்க முடியும்.

குறிப்பேட்டில் கடைசியாக இரண்டு கட்டங்களை வெறுமையாக விட்டுவையுங்கள்: கட்டி திரும்பி வந்த தேதி, இறந்த தேதியும் காரணமும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சிகிச்சை அளித்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நாய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு புரதம் ஏறிய கட்டி மூர்க்கமானதா, சாதுவானதா என்பதை உறுதிசெய்ய இப்படித் தொடர்ந்து கேட்டு எழுதிவைப்பது உதவும். என் குறிப்பேட்டில், எட்டாம் எண் நாயின் அந்த இரண்டு கட்டங்களும் மூன்றாம் ஆண்டாக இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.